அரிசிப் பானையில் யார் போட்ட அரிசி?

“ஒண்ணுமே நடக்கலையே! ஒரு வில்லி உண்டா, ஒரு விஷம் வைப்பது உண்டா? சாப்பிடுகிறார்கள், அழுகிறார்கள், மறுபடி சாப்பிடுகிறார்கள். இதைப் போய் எப்படி உட்கார்ந்து பார்ப்பது?”

கொரியாக்காரர்கள் எடுக்கும் குடும்பத் தொடர்களைப் பற்றி இப்படி அலுத்துக் கொள்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. இந்தத் தொடர்கள் ஆமை வேகத்தில்தான் நகரும். ஒரு கிழவி கீரை ஆய்வதைக் காட்டினால், ஆய்ந்து முடிக்கிற வரைக்கும் காட்டுவார்கள். ஆனால் நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? தினம் ஒரு கொலையா நடக்கிறது? சாதம் வடிக்கிறோம், பரிமாறுகிறோம், மிச்சம் மீதியைத் தின்கிறோம். அதற்குள்ளேதான் சண்டை, சமாதானம், பாசம், பொறாமை எல்லாம் நடந்து விடுகின்றன. யார் தட்டில் மீன் துண்டு விழுந்தது, யார் தட்டில் விழவில்லை என்பதிலேயே ஒரு குடும்பத்தின் சரித்திரம் தெரிந்துவிடும், இல்லையா?

அதைத் தெரிந்து எடுத்த தொடர் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 2025 மார்ச் மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஆங்கிலத்தில் ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரீன்ஸ்’ என்று பெயர். மொத்தம் 16 அத்தியாயங்கள். வாரத்துக்கு நான்கு வீதம் நான்கு வாரம் வெளியிட்டார்கள். வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையையே நான்கு பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எழுதியவர் லிம் சாங்சூன், இயக்கியவர் கிம் வொன்சோக்.

கொரிய மொழியில் இதன் பெயர் ‘பொக்சாக் சொகாட்சுதா’. இது கொரியத் தலைநகரான சோலில் பேசும் பாஷை இல்லை. தெற்கே கடலுக்கு நடுவில் இருக்கும் ஜேஜூ தீவின் வட்டார வழக்கு. ‘ரொம்பப் பாடுபட்டுவிட்டீர்கள்’ என்று பொருள். வேலை முடித்துக் களைத்து வருபவரைப் பார்த்து மனசாரச் சொல்லும் வார்த்தை. பதினாறு மணி நேரக் கதையும் இந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம்.

மொழி புரியாதே என்று தயங்க வேண்டாம். கீழே எழுத்து ஓடுகிறது. தொடர் மெதுவாகப் போவது அதற்கும் சௌகரியம். எழுத்தையும் படித்து முடித்து, முகத்தையும் நன்றாகப் பார்க்கலாம். தவிர, எழுத்தைப் பார்க்காமலே புரிகிற வார்த்தை ஒன்று உண்டு. கொரியப் பிள்ளைகளும் அப்பாவை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்! அம்மாவுக்கு ‘ஓம்மா’. அந்தக் குழந்தை “அப்பா!” என்று ஓடி வரும்போது, நமக்கு எந்த மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கவில்லை.

மூச்சை அடக்கிப் பிள்ளை வளர்த்தவர்கள்

கதை தொடங்குவது ஜேஜூ தீவில். காற்று, கல், பெண்கள் ஆகிய மூன்றும் இங்கே அதிகம் என்று அந்த நாட்டில் ஒரு பேச்சு உண்டு. மண் எரிமலைக் குழம்பு உறைந்த மண். நெல் சரியாக விளையாது. ஆண்கள் கடலில் போனார்கள், 1948-ல் தொடங்கிய கலவரத்திலும் அடக்குமுறையிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தத் தீவில் குடும்பத்தைத் தாங்கியவர்கள் ‘ஹேன்யோ’ என்கிற கடல் பெண்கள்.

இவர்கள் பிராண வாயுக் குழாய் எதுவும் இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு கடலில் குதிப்பவர்கள். சுமார் 10 மீட்டர் ஆழம் வரை போய், பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிப்பி, நத்தை, கடற்பாசி எல்லாம் பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். ஒரு முழுக்குக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். இப்படி ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம்! மேலே வந்ததும் அடக்கி வைத்த மூச்சை விடும்போது விசில் அடிப்பது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே ‘சும்பிசோரி’ என்று தனிப் பெயர் இருக்கிறது. 1970-களில் ரப்பர் உடை வரும் வரையில் மெல்லிய பருத்தித் துணியோடுதான் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினார்கள். 1970-ல் சுமார் 14,000 பேர் இருந்தார்கள். இப்போது 3,000 பேர்கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் அறுபது, எழுபது தாண்டிய பாட்டிமார்கள். 2016-ல் யுனெஸ்கோ இவர்கள் கலையை மனித குலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டுப் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

கதையின் நாயகி ஏசுன் 1951-ல் பிறந்தவள். அவள் அம்மா குவாங்ரே இப்படிப்பட்ட ஒரு ஹேன்யோ. அப்பா இறந்து போகிறார். அம்மா மறுமணம் செய்துகொள்கிறாள். குழந்தையோ செத்துப்போன அப்பாவின் அண்ணன் தம்பி வீட்டில் ஒண்டிக் கிடக்கிறது. அந்த வீட்டில் எல்லார் தட்டிலும் மீன் விழும், இவள் தட்டில் மட்டும் விழாது. இதைக் கேட்ட தாய்க்கு வயிறு எரியாதா? மகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள்.

பள்ளிக்கூடத்தில் ஏசுன் ஒரு கவிதை எழுதிப் பரிசு வாங்குகிறாள். கவிதை எதைப் பற்றித் தெரியுமா? அம்மாவைத் தன்னிடமிருந்து பறித்துக்கொள்ளும் அந்தப் பாழாய்ப்போன சிப்பியைப் பற்றி! அந்தச் சிப்பிக்குக் கிடைக்கும் காசு தன் கையில் இருந்தால், அம்மாவைக் கடலுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு குழந்தை கணக்குப் போடுகிறது. அம்மா வேஷத்தில் வரும் யோம் ஹேரான் என்ற நடிகை அந்தக் கவிதையைப் படிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணீர் விடாமலே நம்மை அழ வைத்துவிடுகிறார். 2025-ல் கொரியாவின் பெக்சாங் விருதுகளில் சிறந்த துணை நடிகை விருது அவருக்குத்தான் கிடைத்தது. சிறந்த தொடருக்கான பரிசும் இதற்கே.

29 வயசுதான் அந்தத் தாய்க்கு. கடல் தந்த மூச்சு நோய் அவளைக் கொண்டு போய்விடுகிறது. போவதற்கு முன்னால் மகளிடம் அவள் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: நீ மட்டும் கடலில் இறங்கவே கூடாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ‘நான் பட்ட கஷ்டத்தை நீயும் பட்டால்தான் உனக்குப் புத்தி வரும்’ என்று அவள் சொல்லவில்லை. ‘நான் பட்டது என்னோடு போகட்டும்’ என்கிறாள்.

முட்டைக்கோஸ் விற்ற கவிஞர்

பத்து வயதில் தாயை இழந்த ஏசுன், மாற்றாந்தந்தை வீட்டுச் சுமைகளைத் தூக்கி, தம்பி தங்கைகளை வளர்த்து, நிலத்தில் முட்டைக்கோஸ் போட்டு வாழ்கிறாள். அம்மாவின் இரண்டாம் கணவர்தான் வீட்டுக்குப் பெரியவர். காலேஜுக்கு அனுப்புகிறேன் என்று சொன்ன அவர், கடைசியில் கையை விரித்துவிடுகிறார்.

சந்தையில் முட்டைக்கோஸைப் பரப்பி வைத்துவிட்டு அவள் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கூவி விற்க வெட்கம். பக்கத்தில் நின்று விற்றுக் கொடுப்பவன் மீன் கடை வீட்டுப் பையன் குவான்சிக். ஊமைக் கோட்டான் மாதிரி இருப்பான். சின்ன வயசிலிருந்தே வீட்டு மீனைக் கொண்டு வந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான். மீன் கிடைக்காமல் வளர்ந்த பெண்ணுக்கு ஒருவன் மீன் கொண்டு வருகிறான் பாருங்கள்! அந்தத் தொடரில் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்ற வசனத்துக்குப் பதில் இதுதான்.

இருவரும் வீட்டை விட்டு பூசான் நகருக்கு ஓடிப் போகிறார்கள். தங்கின இடத்தில் கையில் இருந்ததைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊரில் என்ன தண்டனை தெரியுமா? பெண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டே நீக்கிவிடுகிறார்கள். பையனுக்குச் சில நாள் வரக்கூடாது என்பதோடு சரி! ஓடினது இரண்டு பேர், படிப்புப் போனது ஒருத்திக்கு மட்டும். இதற்கு ஒரு நீண்ட வசனம் கிடையாது, அழுகை கிடையாது. போகிற போக்கில் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். நமக்குத்தான் அந்த இடத்திலேயே மனசு நின்றுவிடுகிறது.

முதுகைத் திருப்பிக்கொண்ட புருஷன்

கல்யாணமாகி ஏசுன் போவது மாமியார், மாமியாருக்கு மாமியார் என்று இரண்டு அடுக்கு உள்ள வீடு. ஆண்களுக்குத் தனி மேசை, நல்ல பதார்த்தம். பெண்களுக்கு ஓரத்தில் தனி மேசை, கிடைத்தது. ஏசுனும் அவள் சின்னப் பெண் கும்மியோங்கும் அந்த ஓரத்தில்தான்.

ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே குவான்சிக் ஒரு காரியம் செய்கிறான். சத்தம் போடவில்லை, தாயை எதிர்த்துப் பேசவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அப்படியே திரும்பி, ஆண்கள் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மனைவி மகள் பக்கமாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். தன் கிண்ணத்தில் இருப்பதை எடுத்து அவர்கள் கிண்ணத்தில் வைக்கிறான். அவ்வளவுதான் காட்சி. வீடே ஸ்தம்பித்துப் போகிறது!

புரட்சி என்றால் கொடி பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? சாப்பாட்டு வேளையில் அரை வட்டம் திரும்பினால் போதும். ஒரு ஆண் பிள்ளை தன் வீட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அதுதான் என்று அந்தக் காட்சியைப் பார்த்தால் தோன்றுகிறது.

அதே வீட்டில் இன்னொரு நாள். பேத்தியையும் ஹேன்யோ ஆக்க வேண்டும் என்று பெரியவர்கள் பூஜை போட்டுப் படையல் வைக்கிறார்கள். ‘நாங்கள் படவில்லையா, இவள் பட்டால் என்ன?’ என்பது அவர்கள் நியாயம். ஏசுன் ஓடி வந்து அந்தப் படையல் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறாள். தாய் செத்த கடலில் மகளை இறக்கமாட்டேன் என்கிறாள். மேசைக்குப் பதார்த்தம் அடுக்குகிறவளாக இல்லாமல், வேண்டியபோது அந்த மேசையைக் கவிழ்க்கத் தெரிந்தவளாகத் தன் மகள் வளர வேண்டும் என்பது அவள் ஆசை.

குவாங்ரே வாயால் சொன்னதை ஏசுன் கையால் செய்து காட்டிவிட்டாள். ஒரு அடி முன்னால் வந்தாயிற்று.

பானை ஏன் காலியாகவில்லை?

மேசையைக் கவிழ்த்தபின் அந்த வீட்டில் இருக்க முடியுமா? தனிக் குடித்தனம். வாடகைக்கு ஒரு அறை. குவான்சிக்குக்கு வேலை போய்விடுகிறது. அரிசிப் பானை அடி தெரிகிறது. நாளைக்கு என்ன செய்வது என்று ஏசுன் தவிக்கிறாள். ஆனால் மறுநாள் பார்த்தால் பானையில் கொஞ்சம் அரிசி இருக்கிறது! அதற்கு மறுநாளும் இருக்கிறது!

வீட்டுக்காரக் கிழவனும் கிழவியும் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, ஓசைப்படாமல் கொஞ்சம் அரிசியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ‘உனக்குக் கொடுத்தேன்’ என்று கொடுத்தால் இளம் பெண் கூனிக் குறுகிப் போவாளே என்று, திருடுகிறவர்கள் மாதிரி வந்து கொடுக்கிறார்கள். எடுப்பதற்காக ஒளிந்து வருபவர்களை எத்தனையோ கதையில் பார்த்திருக்கிறோம். கொடுப்பதற்காக ஒளிந்து வருகிறவர்களை இங்கேதான் பார்த்தேன்.

இது மட்டுமா? அப்பா வழிப் பாட்டி தன் ஆயுசு பூராவும் சேர்த்து வைத்த காசைப் பேத்திக்குப் படகு வாங்கக் கொடுக்கிறாள். அம்மாவோடு கடலில் இறங்கிய ஹேன்யோ அத்தைமார் மூன்று பேர், சாகும் வரைக்கும் ஏசுனை விட்டு விலகாமல் நிற்கிறார்கள். திட்டுவார்கள், கத்துவார்கள், ஆனால் கையில் ஏதாவது கொண்டு வருவார்கள்.

இதெல்லாம் கதைக்காகச் சேர்த்த சர்க்கரை இல்லை. ஜேஜூவின் கடல் பெண்களிடம் நிஜமாகவே இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. ஆழமில்லாத கரையோரக் கடலை ‘பாட்டி கடல்’ என்று வயதானவர்களுக்கென்றே ஒதுக்கி விடுவார்கள். பலசாலிகள் அங்கே கை வைக்கக் கூடாது. சில ஊர்களில் கடலின் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடத்துக்கென்று வைத்து, அதில் கிடைத்த வருமானத்தில் பள்ளிக்கூடமே கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், தங்கள் மூச்சை விற்று அடுத்தவர் பிள்ளைக்கு எழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்!

பிள்ளையைப் பறிகொடுத்த வீடு

ஏசுனுக்கு மூன்று குழந்தைகள். கும்மியோங், உன்மியோங், தோங்மியோங். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வரும்படி வைத்த பெயர்கள். ஒரு புயல் நாளில் கடைக்குட்டி தோங்மியோங் போய்விடுகிறான்.

நம் தொடர்களாக இருந்தால் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதை நாலு நாள் காட்டுவார்கள். இங்கே அந்த வீட்டின் மௌனத்தைக் காட்டுகிறார்கள். புருஷன் தன்னால்தான் என்று நினைக்கிறான். மனைவி தன்னால்தான் என்று நினைக்கிறாள். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதே இல்லை. பாக்கி இரண்டு குழந்தைகளும் பசியோடு உட்கார்ந்திருக்கின்றன. ஊர்க்காரர்கள் வந்து சமைத்துப் போடுகிறார்கள். கடைசியில் அந்தக் குழந்தைகளின் பசிதான் பெற்றவர்களை எழுப்பி உட்கார வைக்கிறது.

துக்கம் ஆறிவிட்டது என்று கதை சொல்லவில்லை. கிழவன் கிழவி ஆன பிறகும் அந்தப் பிள்ளையின் பேச்சு வந்தால் இருவர் முகமும் மாறிவிடுகிறது. ஆறாமலே வாழவும் முடியும் என்றுதான் சொல்கிறது. பிள்ளையை இழந்தவர்களிடம் ‘இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறாய்?’ என்று கேட்பவர்கள் இதை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

ஒரே முகம், இரண்டு விதி

கும்மியோங் படிப்பில் சுட்டி. சோல் நகரின் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. ஜப்பான் போய்ப் படிக்க வாய்ப்பு வரும்போது பெற்றவர்கள் குடியிருந்த வீட்டையே விற்று அனுப்புகிறார்கள்.

இளவயது ஏசுனாகவும், வளர்ந்த கும்மியோங்காகவும் நடித்திருப்பவர் ஒருவரே, ஐயூ என்ற பாடகி. சும்மா விளையாட்டுக்குச் செய்ததில்லை இது. ஒரே முகம், அம்மாவாக இருந்தபோது சந்தையில் முட்டைக்கோஸோடு உட்கார்ந்திருந்தது. மகளாக வந்தபோது பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. புத்தி ஒன்றுதான், முகம் ஒன்றுதான். கிடைத்த இடம்தான் வேறு. பெண்ணைப் படிக்க வைத்தால் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் ஏது? வயதான ஏசுனாக மூன் சோரியும், குவான்சிக்காக இளமையில் பார்க் போகமும் முதுமையில் பார்க் ஹேஜூனும் வருகிறார்கள்.

மகள் தெய்வப் பிறவி இல்லை. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினால் எரிந்து விழுகிறாள். வைத்த பிறகு வருத்தப்படுகிறாள். மறுபடி போன் வந்தால் மறுபடி எரிந்து விழுகிறாள். கதையைச் சொல்லும் குரலே அவளுடையதுதான். அம்மா அப்பா எதை எதை விட்டுக் கொடுத்தார்கள் என்று அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிய வருவதெல்லாம் காலம் கடந்துதான்.

தம்பி உன்மியோங்குக்கோ வேறு மனக்குறை. ‘எல்லாம் அக்காவுக்குத்தான், எனக்கு என்ன செய்தீர்கள்?’ என்று ஒரு நாள் கொட்டிவிடுகிறான். ஒருவனுக்கு வீட்டை விற்றால் இன்னொருவனுக்கு மனசு உடையும் என்பதையும் தொடர் மறைக்கவில்லை. அவன் சிக்கலில் மாட்டிக்கொண்டபோது அப்பா தன் படகையே விற்கிறார்.

கும்மியோங்குக்கு ஒரு பெரிய இடத்துச் சம்பந்தம் வருகிறது. பையன் நல்லவன், ஆனால் தாய் சொல்லைத் தட்டத் தெரியாதவன். அந்தத் தாய்க்கோ ஏழை வீட்டுப் பெண் என்று இளக்காரம். கும்மியோங்கே அந்தக் கல்யாணத்தை வேண்டாம் என்று விலக்கிவிடுகிறாள். மேசை கவிழ்க்கும் ரத்தம் வீண்போகவில்லை! பிறகு சினிமாக் கொட்டகையில் விளம்பரப் படம் வரையும் சாதுவான ஒரு பையனை மணக்கிறாள். கல்யாணத்தன்று அப்பா அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்போது என்ன சொல்லுகிறார் தெரியுமா? சரிப்பட்டு வரவில்லை என்றால் திரும்பி ஓடி வந்துவிடு, அப்பா இங்கேயேதான் இருப்பேன் என்கிறார்.

‘போன இடத்தில் அனுசரித்துப் போ’ என்று மட்டுமே சொல்லிப் பெண்ணை அனுப்புகிற பெற்றோருக்கு இது அபசகுனமாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பெண்தான் போன இடத்தில் தைரியமாகக் காலூன்றி நிற்பாள்.

உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை

இந்தக் கதையில் வரும் வியாதிகளும் கவனிக்க வேண்டியவை. ஹேன்யோக்களுக்குத் தலைவலி, காது மந்தம், மூட்டு வலி எல்லாம் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருபவை. தலைவலிக்கு மருந்தைப் போட்டுக்கொண்டு மறுபடி கடலில் இறங்குவதுதான் அவர்கள் வழக்கம். குடும்பத்துக்காக உழைக்கும் பெண் வலியை அடக்கி வைப்பது அந்த ஊரில் மட்டுமா?

கும்மியோங் சோல் நகரில் மாணவியாக இருக்கும்போது கரி அடுப்புப் புகையில் உயிர் போகும் நிலைக்கு ஆளாகிறாள். அந்தக் காலத்தில் கொரிய வீடுகளில் அறையைச் சூடாக்க நிலக்கரி வில்லைகளை எரிப்பார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். எத்தனையோ பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். மலை ஊர்களுக்குப் போகிறவர்கள் குளிருக்காக மூடிய அறைக்குள் கரிக் கணப்பு வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் போடுவதும் இதே ஆபத்துத்தான்.

குவான்சிக்குக்கு வருவது எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் ஒரு வகைப் புற்றுநோய். ஆயுசு முழுக்கப் படகில் உழைத்த உடம்பு, வலிக்கத்தானே செய்யும் என்று இருந்துவிடுகிறார். முதுகிலும் எலும்பிலும் தீராத வலி, காரணமில்லாத சோர்வு, ரத்த சோகை, அடிக்கடி காய்ச்சல் என்று வந்தால் ‘வயசாச்சு, அலுப்பு’ என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வீட்டில் அதிகம் பேசாத மனுஷர்களைத்தான் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

குறையே இல்லையா?

இருக்கிறது. குவான்சிக் மாதிரி ஒரு புருஷனை விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது! கப்பலிலிருந்து குதித்து மனசுக்குப் பிடித்தவளுக்காக நீந்தி வருவதெல்லாம் கதைக்குத்தான் சரி. முதல் சில அத்தியாயங்களில் காலம் முன்னும் பின்னும் போவதால், யார் பாட்டி, யார் பேத்தி என்று கொஞ்சம் குழப்பமும் வரும். பொறுமையாகப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஆனால் நல்ல புருஷனுக்கு எதிரில் இன்னொரு புருஷனையும் நிறுத்தியிருக்கிறார்கள். பூ சாங்கில் என்று படகு முதலாளி ஒருவர். காசு உண்டு, வீடு உண்டு, வாய் மட்டும் தேள் கொடுக்கு. மனைவியை மதிக்கவே தெரியாது. வயசான பிறகு அவர் பக்கத்தில் உட்கார வீட்டில் ஒருவருக்கும் மனசில்லை. கொடுமைக்காரனுக்குப் படத்தில் வழக்கமாக விபத்தோ ஜெயிலோ வரும். இவருக்கு வருவது தனிச் சாப்பாடு. அந்தத் தண்டனை போதாதா?

ஆக, இந்தத் தொடர் சொல்வதுதான் என்ன?

தாயின் தியாகத்தைப் பற்றி எடுக்காத படம் இல்லை, பாடாத பாட்டு இல்லை. பார்த்து அழுகிறோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், ‘அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு பட்டோம்! இந்தக் காலத்துப் பெண்களுக்கு என்ன வந்தது?’ என்று மருமகளிடம் அதே தியாகத்தைக் கேட்கிறோம். கஷ்டம் என்பது கை மாற்றிக் கொடுக்கும் குடும்பச் சொத்தா என்ன?

குவாங்ரே மகளைக் கடலிலிருந்து விலக்கினாள். ஏசுன் மகளைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றினாள். கும்மியோங் தனக்குச் சரிவராத கல்யாணத்தைத் தானே விலக்கினாள். ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு அடிதான். ஆனால் அந்த ஒரு அடிக்கும் தாய் ஒருத்தியின் கண்ணீர் மட்டும் போதவில்லை. திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஒரு புருஷன் வேண்டியிருந்தான். ஓசையில்லாமல் அரிசி போட ஒரு கிழவி வேண்டியிருந்தாள். சேமிப்பைத் தூக்கிக் கொடுக்க ஒரு பாட்டி, சண்டை போட்டுக்கொண்டே கூட நிற்க மூன்று அத்தைகள், எல்லாரும் வேண்டியிருந்தார்கள். தியாகத்தைப் பலர் பங்கு போட்டுக்கொண்டதால்தான் ஒருத்தி முழுசாகக் கரைந்து போகாமல் தப்பித்தாள். தலை நரைத்த பிறகு ஏசுனின் கவிதைகள் புத்தகமாக வருகின்றன. முட்டைக்கோஸ் கூடையின் பின்னால் உட்கார்ந்து கண்ட கனவு அது.

ஒரே மூச்சில் பார்த்துத் தீர்க்க வேண்டாம். நாளுக்கு ஒன்று, ஏறக்குறைய ஒரு மணி நேரம். பதினாறு நாளில் முடிந்துவிடும். முக்கியமாக ஒன்று: பெண்கள் மட்டும் உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்திருக்கிற தொடர் இல்லை இது. வீட்டு ஆண்களையும், வளர்ந்த பையன்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சி வரும்போது ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டாம். அவர்களே பார்க்கட்டும். மறுநாள் சாப்பிட உட்காரும்போது யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று கவனியுங்கள்!